புதிதாகப் பிடித்த மரத்தவளை சாப்பிட மாட்டேன் என்கிறதா?

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் கோடை ராத்திரியில் வாசல் விளக்குக்கு அடியில் பூச்சிக்காகக் காத்திருக்குமே சாம்பல் மரத்தவளை, அதைப் பிள்ளைகள் பிடித்து வந்து கண்ணாடித் தொட்டியில் விட்டுவிட்டு, எதைப் போட்டாலும் தொடவே இல்லை என்று கவலைப்படுவது வழக்கமாக நடப்பதுதான். முதலில் அதைப் பிடித்து வளர்க்க உங்கள் மாநிலத்தில் அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள், சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை.

சரி, அனுமதி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அது சாப்பிடாததற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம். தொட்டியின் மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி மறையுங்கள், உள்ளே சாய்வாக ஒரு மரக்கிளை, ஒளிந்துகொள்ள இலைகள், படுத்து ஊற ஒரு ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தவளை வாயால் தண்ணீர் குடிக்காது, தோல் வழியாகத்தான் உறிஞ்சும், அதனால் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் மீன் தொட்டிக்குப் போடும் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து ஊற்றுங்கள் (ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் போதும் என்பார்கள், ஆனால் பல ஊர்களில் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் என்ற வேறு கிருமிநாசினியைக் கலக்கிறார்கள், அது அவ்வளவு சீக்கிரம் போகாது). வெயில் நேராகப் படும் ஜன்னலோரம் மட்டும் வேண்டவே வேண்டாம். 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் போதும். ரொம்பக் குளிர்ந்தால் பசியே எடுக்காது.

அப்புறம் அதைக் கையில் எடுக்காதீர்கள். அரை மணிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தவளை சாப்பிடும்?

இரையை இருட்டின பிறகு போடுங்கள். அசையாத எதுவும் அதன் கண்ணுக்கு உணவே இல்லை, செத்த பூச்சியும் காய்ந்த புழுவும் வீண். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் சின்ன சிள்வண்டுதான் (கிரிக்கெட் பூச்சி) நல்ல தொடக்கம். தவளையின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று விட்டு, விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தலையைத் தாழ்த்திக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்க்கும், பிறகு ஒரே தாவல், விழுங்கும்போது கண் இரண்டும் உள்ளே அமுங்கும், இரையைத் தொண்டைக்குள் தள்ள அந்தக் கண்களும் உதவுகின்றன. காலையில் மிச்சமிருக்கும் வண்டுகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை தவளையைக் கடிக்கும். சிள்வண்டைக் கண்டுகொள்ளாவிட்டால் சின்ன அந்துப்பூச்சி விட்டுப் பாருங்கள், வாசல் விளக்கில் அது பழகின சாப்பாடு, ஆனால் பூச்சிமருந்து அடித்த தோட்டத்திலிருந்து பிடிக்காதீர்கள். மின்மினி மட்டும் கூடவே கூடாது, அதில் விஷம் இருக்கிறது. சாப்பிட ஆரம்பித்த பிறகு வண்டுகள் மேல் கால்சியம் பொடி தூவலாம்.

வளர்ந்த தவளைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சாப்பாடு போதும், ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. வால் மறைந்து இப்போதுதான் தவளையான குட்டி அப்படித் தாங்காது, அதற்குப் பழ ஈ மாதிரி ரொம்பச் சின்ன இரை தினமும் வேண்டும். வாயைத் திறந்து திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம், தாடை எளிதில் காயப்படும். பத்துப் பன்னிரண்டு நாளாகியும் தொடாமல் இடுப்பு மெலிந்துகொண்டே போனால், கடையில் வாங்கிய வேறு தவளைகளோடு பழகாமல் தனியாக இருந்திருக்கும் பட்சத்தில், குளிர்காலத்துக்கு முன்னாலேயே பிடித்த அதே இடத்தில், சாயங்காலமாகப் பார்த்து விட்டுவிடுங்கள். அதன் தோலில் ஊறும் திரவம் கண்ணில் பட்டால் எரியும், விட்டுவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.