முழு மனதைக் காணிக்கையாக்குவது எப்படி?

ஆண்டவருக்கு முழு மனதையும் கொடுக்கப்போகிறேன் என்று மன்னார் மடு மாதா திருவிழாவில் நின்றுகொண்டு தீர்மானம் எடுக்காதீர்கள். ஆவணி (ஓகஸ்ட்) 15 அன்று அத்தனை சனத்துக்கு நடுவில் மருதமடு அன்னையின் முன் முழந்தாளில் நிற்கும் எவருக்கும் நெஞ்சு உருகும். ஊர் திரும்பி, கடன்காரர் படலையில் வந்து நின்றதும் அது ஆறிவிடும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற என்னைக் கேட்டால், காலபோக (மாரிமழைப் போக) விதைப்பு முடிந்த கையோடு தொடங்குங்கள் என்பேன். பாட்டும் கொடியும் இல்லாத நாட்களில் தொடங்கியதுதான் நிலைக்கும்.

வேதம் நிறையத் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று பின்வாங்குகிறவர்களை அன்பியக் கூட்டங்களில் (அயல் வீட்டார் சேர்ந்து செபிக்கும் பங்குக் குழுக்களில்) அடிக்கடி காண்கிறேன். 1544 இல் மன்னாரில், விசுவாசத்தைப் பற்றியிருந்ததற்காக யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்லுவித்த சுமார் 600 பேரும் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள். அவர்கள் எத்தனை மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருப்பார்கள்?

முதலில், மனம் எங்கே பிளந்து கிடக்கிறது என்று பாருங்கள். ஒரு கொப்பியில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: போன மாதம் காசு போன வழி, ஞாயிறு காலைகள் போன வழி, நீங்கள் முகம் கொடுத்துக் கதைக்காத ஆட்களின் பெயர்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். மூன்றாவதை எழுதும்போதுதான் கை தயங்கும். அங்கிருந்தே தொடங்குங்கள்.

எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் அநேகமாக எல்லைக்காரருடையதாக இருக்கும். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பல காணிகளில் பழைய வேலி இல்லை. ஞாபகத்தை வைத்துக் கதியால் (வேலிக்கான தடிகள்) நட்டார்கள். அரை முழத்துக்கு ஆயுள் முழுக்கப் பகை. அல்லது வாய்க்கால் தகராறு. தண்ணீர் முறை மற்றவருடையதாக இருக்கும். இரவில் மண்வெட்டியோடு போய் மடையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு வருவார்கள். அந்தக் கையைத்தான் காலையில் நற்கருணைக்கு நீட்டுகிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தாங்காது. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5 ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

போகும் விதம் முக்கியம். சாட்சிக்கு ஆள் கூட்டிப் போகாதீர்கள். அவர் வயலால் களைத்து வந்த நேரமும் வேண்டாம். குளித்து, தேநீர் குடித்து முடிக்கட்டும். முற்றத்தில் நின்று ஒரு வசனம் சொன்னால் போதும்: “அண்ணை, இந்தக் கதியால்களைப் பழைய இடத்திலேயே நட்டுவிடுகிறேன், நீங்களும் வந்து நின்று பாருங்கள்.” “அன்றைக்கு நீங்கள் செய்ததற்கு...” என்று தொடங்கும் பேச்சு வாயில் வரவே கூடாது; வந்தால் பழைய சண்டைதான் மறுபடி எழும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், தனியாகவே பிடுங்கி நட்டுவிட்டு வாருங்கள். அவருடைய மனதை மாற்றுவது ஆண்டவரின் வேலை.

அடுத்தது காசு. நெல்லை வெட்டி வயலில் குவித்ததும், வியாபாரியின் லொறி வருவதற்கு முன்பே ஆண்டவருக்குரியதை வேறு சாக்கில் கட்டிவிடுங்கள். விற்ற காசு கைக்கு வந்த பிறகு எடுத்து வைக்கலாம் என்றால், உரக்கடைக்கும் உழவு இயந்திரத்துக்கும் போனது போக மிஞ்சாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டித் தவிக்கும் பெண்ணிடம் பத்தில் ஒன்று கொடு என்று வற்புறுத்துவது அநியாயம். அவளுக்கு வாங்கிய கடனை நேர்மையாக அடைப்பதும் ஆராதனைதான். நேர்த்தி வைத்தேன் என்பதற்காக வட்டிக்கு வாங்கி மெழுகுதிரியும் மாலையும் கட்டாதீர்கள், தங்கச்சிமாரே. மாதா அதைக் கேட்கவில்லை.

செபத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். மனம் ஒட்டாத நாளில் திருப்பாடல் 86 இன் 11 ஆம் வசனத்தை மட்டும் சொல்லுங்கள். சிதறிய உள்ளத்தை ஒன்றாக்கித் தரும்படி தாவீதே கெஞ்சிக் கேட்டிருக்கிறார். கைத்தொலைபேசியை அந்த நேரம் அடுத்த அறையில் வையுங்கள்.

ஞாயிறு காலை ரியூசன்தான் இன்று பெற்றோருக்குப் பெரிய சோதனை. சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைத் திட்டிப் பூசைக்கு இழுத்துப் போகாதீர்கள். அந்தப் பிள்ளை இருபது வயதில் கோவிலை விட்டுவிடும். நான்கைந்து பெற்றோராகச் சேர்ந்து ரியூசன் ஆசிரியரிடம் போய், வகுப்பைப் பத்து மணிக்குப் பிறகு தொடங்க முடியுமா என்று கேளுங்கள். தனியாகப் போனால் சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுவார். கூட்டாகப் போனால் யோசிப்பார். அவர் சம்மதிக்காவிட்டால் பங்குச் சுவாமியிடம் சனிக்கிழமை மாலைப் பூசை கேளுங்கள். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று பெயர்ப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள்.