ஜியோகேச்சிங்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் பெட்டி தேடவும் வைக்கவும் ஒரு வழிகாட்டி

ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் வெளியிடுகிறார். முன்பின் அறியாத இன்னொருவர் அந்த எண்களைக் கைத்தொலைபேசியில் இட்டு, நடந்து சென்று, பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் திகதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு வருகிறார். ஜியோகேச்சிங் என்ற பொழுதுபோக்கு இவ்வளவுதான். பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு தாளும் பென்சிலும், சில வேளை ஒரு சாவிக்கோவையோ சிறு பொம்மையோ வெளிநாட்டு நாணயமோ மட்டுமே இருக்கும். ஆயினும் அந்தத் தாளில் ஒரு வரி எழுதுவதற்காகவே காலை வெயில் ஏறுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இதன் தொடக்கம் திகதியோடு சொல்லக்கூடியது. இடத்தைக் கண்டறிய உதவும் ஜி.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞையை ஐக்கிய அமெரிக்கா பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழைபடுத்திக் கொடுத்துவந்ததால், அக்காலத்தில் ஒரு கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை தள்ளியிருக்கலாம். 2000 மே 2 ஆம் திகதி அந்தத் தடை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் என்னும் இடத்துக்கு அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருட்களை இட்டு வைத்து, அதன் ஆள்கூறுகளை, அதாவது அகலக்கோட்டு நெடுங்கோட்டு எண்களை, இணையத்தில் எழுதினார். எதையாவது எடுத்தால் எதையாவது வைக்க வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே விதி. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கினார். இன்று உலகில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. முன்பு தனிக்கருவி வாங்க வசதியுள்ளவர்களுக்கே உரியதாக இருந்த இந்த விளையாட்டு, ஜி.பி.எஸ். வசதி ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் வந்துசேர்ந்த பிறகே இத்தனை வேகமாகப் பரவியது.

சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் பெயரிட்டு, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான ஒரு வாவியின் இருபுறமும் வாழ்கிற நமக்கு, திசையும் இடமும் பேச்சிலேயே ஊறியவை. ஆனால் எழுவான்கரையில் பிறந்து வளர்ந்து, படுவான்கரைக்குக் கோயில் திருவிழாவுக்கு அல்லாமல் வேறெதற்கும் போயிராத இளைஞர்கள் பலரை நான் அறிவேன். ஊரை நடந்து பார்க்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது என்பதற்காகவே இந்தப் பொழுதுபோக்கை நான் பெரிதும் விரும்புகிறேன்.

முதற் பெட்டியைத் தேடுவதற்கு முன்

ஜியோகேச்சிங் இணையத்தளத்தில் ஒரு கணக்கைத் திறப்பதற்குப் பணம் எதுவும் வேண்டாம். சில பெட்டிகள் மட்டும் கட்டணம் செலுத்திய உறுப்பினர்களுக்கு எனத் தனியே வைக்கப்பட்டிருக்கும். அவர்களின் செயலியைத் தரவிறக்கி வரைபடத்தைத் திறந்தால் அருகிலுள்ள பெட்டிகள் குறிகளாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண்கள் இருக்கும்: கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண், அந்த இடத்தை அடையும் பாதை எவ்வளவு கடினம் என்பதற்கு அதேபோல இன்னோர் எண். தொடங்குகிறவர் இரண்டும் ஒன்றரைக்கு மேற்படாத, அளவில் ‘சிறியது’ அல்லது ‘வழமையானது’ எனக் குறிக்கப்பட்ட பெட்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘நுண்’ என்று சொல்லப்படும் பெட்டி விரல் நீளமுள்ள குழாயாகக்கூட இருக்கலாம். அதை முதல் நாளிலேயே தேடிக் களைத்துப்போய், மறுபடி இந்தப் பக்கமே வராதவர்கள் உண்டு. பெட்டியின் பக்கத்தில் முன்னர் வந்தவர்கள் எழுதிய பதிவுகளையும் வாசியுங்கள். கடைசியாக வந்த மூவர் தேடிக் காணவில்லை என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டி இப்போது அங்கே இல்லாமலே போயிருக்கக்கூடும்.

பென்சில், குடிநீர், தொப்பி, மூடிய சப்பாத்து, மேலதிக மின்கலம் ஆகியவை போதும். தரவு வலையமைப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால், புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே அந்தப் பகுதியின் வரைபடத்தையும் பெட்டியின் விபரத்தையும் தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். செய்மதிச் சமிக்ஞைக்கு இணையம் தேவையில்லை. வரைபடத்துக்கே இணையம் தேவை.

ஆள்கூறுகளை வாசித்தல்

புதியவர்கள் அதிகம் பிழைவிடும் இடம் இதுவே; ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜியோகேச்சிங்கில் ஆள்கூறுகள் பாகையும் தசமக் கலையுமாக எழுதப்படுகின்றன. மட்டக்களப்பு நகரப் பகுதியின் ஓர் எண்ணை எடுத்துக்காட்டாகக் கொண்டால், வடக்கு 7 பாகை 43.500 கலை என்று இருக்கும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், 43.500 ஐ 60 ஆல் வகுக்க 0.725 வருகிறது, எனவே வழமையான வரைபடச் செயலியில் இட வேண்டிய எண் 7.725 ஆகும். இதை அறியாமல் 7.435 என்று இட்டவர் ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தெற்கே, கல்முனைக்கு நேரான அகலக்கோட்டுக்குப் போய்விடுவார். தசமத்தை விகலை (ஒரு கலையின் 60 இல் ஒரு பங்கு) என்று எண்ணி 43 கலை 50 விகலை என வாசித்தவரோ 600 மீற்றருக்கு மேல் வடக்கே விலகுவார். நம் ஊரில் 600 மீற்றர் விலகினால் கரையிலிருந்து வாவிக்குள் இறங்க வேண்டி வரும். நான் முதன்முதலாகத் தேடிய நாளில் செய்த பிழை இந்த இரண்டாவதுதான். ஒரு முழு மாலை நேரம் தண்ணீரின் நடுவே காட்டிய குறியைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறேன்.

கடைசித் தசம இடத்தின் பெறுமதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நிலத்தில் ஏறத்தாழ 1.85 மீற்றர். திறந்த வானத்தின் கீழ் நல்ல கைத்தொலைபேசி ஐந்து மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும். பெட்டியை வைத்தவரின் தொலைபேசிக்கும் அதே பிழை இருந்திருக்கும் ஆகையால், உங்கள் திரையில் தூரம் ‘பூச்சியம்’ என்று காட்டும்போதும் பெட்டி பத்து மீற்றர் தள்ளி இருக்கலாம். அடர்ந்த மரநிழலிலும் உயர்ந்த சுவர்களுக்கு அருகிலும் பிழை இன்னும் கூடும். கல்லடியில் உள்ள பழைய இரும்புப் பாலத்தைப் போன்ற இடங்களில் தொலைபேசியின் திசைகாட்டி இரும்பினால் இழுபட்டுத் தவறான பக்கத்தைக் காட்டும். சற்று விலகி நின்று, தொலைபேசியை எட்டு வடிவில் சில தடவை சுழற்றினால் அது சீராகும்.

இடத்தில் நின்று தேடுதல்

பத்து மீற்றருக்குள் வந்ததும் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, கண்ணால் தேடத் தொடங்குங்கள். ‘இதை நான் வைப்பதாயின் எங்கே வைத்திருப்பேன்?’ என்று உங்களையே கேட்டுக்கொள்வது எல்லாக் கருவிகளிலும் மேலானது. இயற்கையில் தானாக அமையாத ஒழுங்கைக் கவனியுங்கள்: ஒரே அளவான மூன்று கற்கள் வரிசையாக இருப்பது, பனங்கொட்டைகளுக்கு நடுவே ஒரு தென்னம் பொச்சு கவிழ்ந்திருப்பது, சவுக்கு மரத்தின் அடியில் சருகு வேறிடத்தைவிடத் தடிப்பாகக் குவிந்திருப்பது. கையை விடுமுன் ஒரு தடியால் தட்டிப் பாருங்கள். பாம்பும் தேளும் விரும்புகிற பொந்துகளையே பெட்டி வைப்பவர்களும் விரும்புகிறார்கள்.

கண்டதும் தாளில் கணக்கின் பெயரையும் திகதியையும் எழுதி, ஏதாவது பொருளை எடுத்தால் அதற்குச் சமமானதையோ மேலானதையோ வைத்து, மூடியை இறுக மூடி, இருந்த இடத்தில் இருந்தபடியே வையுங்கள். இலக்கம் பொறித்த உலோகத் தகடு ஒன்று உள்ளே கிடந்தால், அது நாடு நாடாகப் பயணம் செய்வதற்காக அனுப்பப்பட்டது. வேறொரு பெட்டிக்கு எடுத்துச்செல்ல முடியுமானால் மாத்திரம் அதை எடுக்கலாம். போகிற வழியில் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவது 2002 முதல் உலகெங்குமுள்ள ஜியோகேச்சிங் ஆர்வலர்கள் ஒரு வழக்கமாகவே கொண்டிருப்பது. பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ போகிறவர்கள் ஒரு வெற்றுப் பையைக் கொண்டுபோவார்களாயின் அது நிரம்பாமல் வராது.

நம் நிலத்துக்குரிய எச்சரிக்கைகள் சில உண்டு. உன்னிச்சை, லகுகலை போன்ற பக்கங்களில் யானை நடமாட்டம் இருப்பதால், விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் தேடப் போகவேண்டாம். தேசிய பூங்காக்களுக்குள் தேடலே வேண்டாம். வாவியோரக் கண்டல்களுக்குள் முதலை இருக்கக்கூடும். மண்ணில் பாதி புதைந்த, இன்னதென்று தெரியாத உலோகப் பொருளைக் கண்டால் தொடாமல் விலகி, 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பெட்டி வைத்தல்

உங்கள் வரைபடத்தில் அருகில் பெட்டி எதுவும் இல்லையென்றால், நீங்களே ஒன்று வைக்கலாம். அதற்கு முன் இருபது பெட்டிகளையாவது தேடிக் கண்டிருப்பது நல்லது. எந்தப் பெட்டியும் மற்றொன்றிலிருந்து 161 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும், அதை மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது என்பதும், உணவு, மது, கூரிய ஆயுதம், பட்டாசு என்பவற்றை உள்ளே வைக்கக்கூடாது என்பதும் பொதுவான விதிகள். நீங்கள் அனுப்பும் விபரத்தைத் தொண்டர் ஒருவர் பார்வையிட்ட பின்னரே அது வெளியாகும்.

ஆனால் விதிப்புத்தகத்தில் உள்ள எதனையும்விட, இங்கே வாழ்கிறவர்கள் மனதில் இருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது: பெட்டியைக் கண்ணுக்கு மறைக்கலாம், ஊருக்கு மறைக்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளக்கட்டின் ஓரத்தில் கறுப்பு நாடா சுற்றிய ஒரு சிறு பெட்டியை எவருக்கும் சொல்லாமல் வைத்தேன். மறுநாள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அதைக் கண்டு, ஓடிப்போய் ஊரைக் கூட்டிவிட்டார். எனக்குச் செய்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது, குழந்தைகளை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் பெண்கள் வேலியோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டியை அவர்கள் முன் திறந்து, பென்சிலையும் தாளையும் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். ‘தம்பி, சொல்லிப்போட்டு வைச்சிருக்கலாமே’ என்றார் அந்தப் பெரியவர். போரையும், 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளையும் கண்ட ஊர்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு பொதியை விளையாட்டுப் பொருள் என்று எவரும் எண்ணமாட்டார்கள். எண்ணவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆகவே, உள்ளிருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவையே பயன்படுத்துங்கள். மூடியில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், இது ஜியோகேச்சிங் விளையாட்டுப் பெட்டி என்றும் ஆபத்தற்றது என்றும் எழுதி ஒட்டுங்கள். காணி தனியாருடையதாயின் உரியவரிடமும், பொது இடமாயின் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச சபையிடமும், கோயிற் சூழலாயின் வண்ணக்கரிடமும், பள்ளிவாசற் சூழலாயின் அதன் நிருவாகத்தாரிடமும் பெட்டியைக் கையில் கொண்டுபோய்க் காட்டி அனுமதி பெறுங்கள். வாயால் விளக்குவதைவிடப் பெட்டியைத் திறந்து காட்டுவது விரைவில் புரியவைக்கும். வணக்கத்தலத்தின் வாசலிலோ, பாடசாலையிலோ, பொலிஸ் நிலையத்துக்கும் படைமுகாமுக்கும் அருகிலோ, மயானத்திலோ, 2004 டிசம்பர் 26 இல் இறந்தவர்களின் நினைவுத்தூபிகளிலோ வைக்கவே வேண்டாம். மட்டக்களப்புக் கோட்டையின் மதிலைப் போன்ற தொல்பொருட் சின்னங்களில் ஒரு கல்லை அசைப்பதும் குற்றம்.

இடத்தை முடிவுசெய்த பின், ஆள்கூறை ஒரே தடவையில் எடுத்துவிடாமல், வெவ்வேறு நாட்களில் நாலைந்து தடவை எடுத்துச் சராசரி காணுங்கள். தகரப்பேணி வேண்டாம், கடற்காற்று ஒரே மாரியில் அதைத் துருவாக்கிவிடும். இறப்பர் வளையமும் நாற்புறக் கொளுவியும் உள்ள டப்பாவை எடுத்து, தாளை ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, பேனைக்குப் பதிலாகப் பென்சிலை வையுங்கள்; ஈரம் பட்டால் மை பரவும், பென்சில் எழுத்து நிற்கும்.

பெட்டியே வைக்க இயலாத இடங்களுக்கு வேறொரு வகை இருக்கிறது, அது நம் மாவட்டங்களுக்கு மிகவும் பொருந்துவது என்பது என் எண்ணம். அமெரிக்கப் புவிச்சரிதவியற் சங்கத்தோடு சேர்ந்து 2004 இல் தொடங்கப்பட்ட ‘எர்த்கேச்’ என்னும் இந்த வகையில் பெட்டியே கிடையாது. வருகிறவர் அந்த நிலத்தின் அமைப்பை உற்றுப் பார்த்து, நீங்கள் கேட்ட வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். மாரியில் வெட்டுண்டு திறப்பதும் கோடையில் மணல் மூடி அடைபடுவதுமான முகத்துவாரம், சமவெளியில் தனியே எழும் குடும்பிமலைப் பாறை, அம்பாறை மாவட்டத்து மகாஓயாவின் வெந்நீர் ஊற்றுகள் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு பாடம். ‘இன்று கடலுக்கும் வாவிக்கும் இடையே மணல் எத்தனை காலடி அகலம்?’ என்று கேட்டாலே, வருகிறவர் நின்று அளந்து பார்ப்பார்.

பெட்டியை வைத்தவருக்கு அதைப் பேணும் கடமையும் உண்டு. ஒக்டோபர் பிற்பகுதியில், வாடைக்காற்றோடு மழை தொடங்குமுன், வெள்ளம் ஏறக்கூடிய தாழ்ந்த இடத்துப் பெட்டிகளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இணையப் பக்கத்தில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது எனக் குறித்துவிடுங்கள். தை பிறந்து, தண்ணீர் வடிந்த பின், டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, எறும்பு புகுந்திருந்தால் தட்டி, புதுத் தாள் இட்டுப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். போகும்போது பக்கத்து வளவுக்காரரிடம் மறுபடியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.