வலைச் செயலியில் தேடலும் ஃபில்டரும் சேர்ப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கான விளக்கம்

தரவுத்தளத்தில் இருப்பதையெல்லாம் வரிசையாகக் காட்டும் ஒரு பக்கம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது பதிவு இருக்கும்வரை அது போதும். ஆயிரம் ஆகிவிட்டால் தேடல் இல்லாமல் அந்தப் பக்கத்தால் பயனில்லை.

இந்தப் பதிவில் ஒரு நூல் பட்டியலை எடுத்துக்கொள்கிறேன். டேபிளின் பெயர் நூல்கள். அதில் எண், தலைப்பு, ஆசிரியர், வகை, ஆண்டு என்று ஐந்து புலங்கள். பைத்தான் மொழி, அதில் வலைச் செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க், சின்னத் தரவுத்தளமான எஸ்கியூலைட் ஆகியவற்றை வைத்துச் சொல்கிறேன். வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான். க்வெரிகளை, அதாவது தரவுத்தளத்திடம் எஸ்கியூஎல் மொழியில் கேட்கும் கேள்விகளை, தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது செலக்ட், வேர், லைக் போன்றவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: ஃபார்மை கெட் முறையில் அனுப்புங்கள்

ஃபார்மில் நிரப்பியதை கெட் முறை முகவரியில் சேர்த்து அனுப்பும், போஸ்ட் முறை முகவரியில் தெரியாமல் அனுப்பும். தேடல் ஃபார்முக்கு போஸ்ட் வேண்டாம், கெட் போதும். அப்போதுதான் தேடியது முழுவதும் முகவரியிலேயே இருக்கும்:

/நூல்கள்?சொல்=கடல்&வகை=கவிதை&பக்கம்=2

இந்த முகவரியை இன்னொருவருக்கு அனுப்பினால் அவருக்கும் அதே முடிவுகள் வரும். பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலும் தேடல் தொலையாது. முடிவுகளைக் காட்டும்போது, பயனர் தட்டிய சொல்லையும் தேர்ந்தெடுத்த வகையையும் ஃபார்மில் அப்படியே நிரப்பிக் காட்டுங்கள். பயனர் தட்டியதைத் திரும்பப் பக்கத்தில் காட்டும்போது எச்டிஎம்எல் குறிகளை எஸ்கேப் செய்தாக வேண்டும், அதாவது அவை வெறும் எழுத்தாகவே தெரியும்படி மாற்ற வேண்டும்; ஃபிளாஸ்க்கின் ஜின்ஜா டெம்ப்ளேட் எச்டிஎம்எல் கோப்புகளுக்கு இதைத் தானாகவே செய்துவிடும்.

படி 2: ஒரே ஒரு சொல்லைத் தேடுங்கள்

செலக்ட் * ஃப்ரம் நூல்கள் வேர் தலைப்பு லைக் '%கடல்%'

% என்றால் அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆக, தலைப்பில் எங்கே 'கடல்' இருந்தாலும் அந்த நூல் வரும்.

இப்போது 'கடல்' இருக்கும் இடத்தில் பயனர் தட்டியது வர வேண்டும். அதை + போட்டு க்வெரியோடு ஒட்டிவிடாதீர்கள். யாராவது ஒற்றை மேற்கோள்குறி ஒன்றைத் தட்டினாலே சரம் அங்கேயே முடிந்து, மிச்சமெல்லாம் கட்டளையாகிவிடும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்று சொல்வது இதைத்தான். டேபிளில் இருக்கும் எதையும் படிக்க வெளியாளுக்கு வழி திறந்துவிடும். சின்னப் பயிற்சிச் செயலியாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே இந்தப் பழக்கம் வேண்டாம். மதிப்பு வரும் இடத்தில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாக அனுப்புங்கள்:

க்வெரி: செலக்ட் * ஃப்ரம் நூல்கள் வேர் தலைப்பு லைக் ?
மதிப்பு: "%" + சொல் + "%"

% குறிகள் மதிப்புக்குள் போயிருப்பதைக் கவனியுங்கள். க்வெரியில் '%?%' என்று எழுதினால், மேற்கோளுக்குள் இருக்கும் கேள்விக்குறி வெறும் எழுத்தாகிவிடும். மதிப்பு போய் உட்கார இடமே இருக்காது. புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் திணறுவார்கள்.

இன்னொன்று. பயனர் % என்று மட்டும் தட்டினால் எல்லா நூலும் வந்துவிடும். இது ஆபத்தில்லை, ஆனால் தவறான முடிவு. பயனர் தட்டும் % குறிக்கும், ஏதாவது ஓர் எழுத்து என்று பொருள்படும் _ குறிக்கும் முன்னால் ஒரு \ சேர்த்து, சொல்லில் ஏற்கெனவே \ இருந்தால் அதையும் இரட்டித்து, லைக் ? என்பதற்குப் பின்னால் எஸ்கேப் '\' என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

படி 3: ஃபில்டர்களைச் சேர்த்துக் கட்டுங்கள்

முழு வேலையின் உயிரே இந்தப் படிதான். சொல், வகை, தொடக்க ஆண்டு, இறுதி ஆண்டு என்று நான்கு ஃபில்டர் இருக்கின்றன. பயனர் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், விடலாம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிக் க்வெரி எழுதப் போனால் 16 எழுத வேண்டும். அதற்குப் பதில் இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் நிபந்தனைகள், மற்றதில் மதிப்புகள்.

நிபந்தனைகள் = []
மதிப்புகள் = []

சொல் வந்திருந்தால்:
    நிபந்தனைகளில் சேர்: "(தலைப்பு லைக் ? ஆர் ஆசிரியர் லைக் ?)"
    மதிப்புகளில் சேர்: "%சொல்%", "%சொல்%"
வகை வந்திருந்தால்:
    நிபந்தனைகளில் சேர்: "வகை = ?"
    மதிப்புகளில் சேர்: வகை
தொடக்க ஆண்டு வந்திருந்தால்:
    நிபந்தனைகளில் சேர்: "ஆண்டு >= ?"
    மதிப்புகளில் சேர்: தொடக்க ஆண்டு

நிபந்தனைகள் காலியாக இல்லாவிட்டால்:
    க்வெரி = க்வெரி + " வேர் " + நிபந்தனைகளை " அண்ட் " வைத்து இணைத்தது

இறுதி ஆண்டுக்கும் அப்படியே. நாளைக்கு ஐந்தாவது ஃபில்டர் வந்தால் மூன்று வரி சேர்த்தால் போதும், பழையதைத் தொட வேண்டியதில்லை.

முதல் நிபந்தனையைச் சுற்றியிருக்கும் அடைப்புக்குறிகளை விட்டுவிடாதீர்கள். எஸ்கியூஎல்லில் ஆர் என்பதைவிட அண்ட் இறுக்கமாகப் பிடிக்கும். அடைப்புக்குறி இல்லாமல், வகையில் 'கவிதை' தேர்ந்தெடுத்து 'கடல்' என்று தேடினால், 'ஆசிரியர் பெயரில் கடல், அதோடு வகை கவிதை' என்பது ஒரு பக்கமும், 'தலைப்பில் கடல்' என்பது மறுபக்கமுமாகப் பிரிந்துவிடும். தலைப்பில் கடல் இருக்கிற நாவல்களும் முடிவில் வந்து நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

பயனர் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டாலும் ஃபார்ம் அந்தப் புலத்தைக் காலிச் சரமாக அனுப்பும். 'வந்திருந்தால்' என்பதற்கு, இருபக்க இடைவெளியையும் நீக்கிய பிறகு ஏதாவது மிச்சமிருந்தால் என்று பொருள் கொள்ளுங்கள். ஆண்டு எழுத்தாகத்தான் வரும். அதை எண்ணாக மாற்றுங்கள், மாறாவிட்டால் அந்த ஃபில்டரை விட்டுவிடுங்கள்.

படி 4: வரிசையும் பக்கமும்

எந்தப் புலத்தின்படி வரிசைப்படுத்துவது என்பதைக் கேள்விக்குறி வைத்து அனுப்ப முடியாது. மதிப்புகளை மட்டுமே அப்படி அனுப்பலாம், புலப் பெயர்களை முடியாது. அதற்காகப் பயனர் அனுப்பியதை அப்படியே ஒட்டினால் படி 2-இல் அடைத்த ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று அனுமதித்த பெயர்களை நிரலில் வைத்துக்கொண்டு, வந்தது அதில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் தலைப்பு.

பக்கத்துக்கு 20 நூல் என்றால் மூன்றாம் பக்கத்துக்கு லிமிட் 20 ஆஃப்செட் 40, அதாவது முதல் 40 நூலைத் தாண்டி அடுத்த 20. வரிசையின் கடைசியில் எண் புலத்தையும் சேருங்கள்: ஆர்டர் பை ஆண்டு, எண். ஒரே ஆண்டில் பல நூல்கள் இருந்தால், இது இல்லாமல் ஒரே நூல் இரண்டு பக்கத்தில் வரவும் இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமல் போகவும் இடமுண்டு. மொத்த எண்ணிக்கைக்கு அதே நிபந்தனைகளோடு கவுண்ட் க்வெரி ஒன்று. அப்புறம், அடுத்த பக்க இணைப்பில் எல்லா ஃபில்டரும் கூடவே போக வேண்டும். ஃபில்டரை மாற்றினால் முதல் பக்கத்துக்கு வர வேண்டும்.

படி 5: தமிழ்ச் சொற்கள் கிடைக்கச் செய்யுங்கள்

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத் தரவை வைத்தே சொல்லித்தருவதால் இந்தப் பகுதி விட்டுப்போகிறது. தமிழில் தேடுகிறவருக்கோ இதுதான் முக்கியம்.

'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ொ என்ற ஒற்றைக் குறியும், அல்லது க, ெ, ா என்று மூன்றும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எஸ்கியூலைட் போன்றவற்றுக்கோ அவை வேறு வேறு. 'கொடி' கண்முன்னே இருக்க, 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரும். யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இதற்கு நார்மலைஸ் ஃபங்ஷன் இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபு. '%கடல்%' என்று தேடினால் 'கடலில் ஒரு பயணம்' வராது. 'கடல்' என்பதில் ல-வுக்குப் பிறகு புள்ளி இருக்கிறது. 'கடலில்' என்பதில் அதே இடத்தில் ி இருக்கிறது. தேடும் சொல்லின் கடைசிப் புள்ளியை மட்டும் நீக்கி 'கடல' என்று அனுப்பினால் கடல், கடலில், கடலும் எல்லாம் வரும். 'ம்' என்று முடியும் சொல்லில் அந்த எழுத்தையே எடுத்துவிடலாம்: 'மர' என்று தேடினால் மரம், மரத்தில், மரங்கள் மூன்றும் கிடைக்கும். கூடவே 'மரபு'ம் வரும். வேண்டாதது இரண்டு வருவதைவிட, இருப்பது வராமல் போவதுதான் பெரிய குறை என்பது என் கருத்து. வீடு, வீட்டில் போன்றவற்றுக்கு இந்த வழி எடுபடாது.

படி 6: வேகம் குறைந்தால்

வகை, ஆண்டு புலங்களுக்கு இன்டெக்ஸ் (நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது) போடுங்கள். தலைப்புக்குப் போட்டும் பயனில்லை. % முன்னால் வரும் லைக் தேடலுக்குச் சாதாரண இன்டெக்ஸ் உதவாது, டேபிள் முழுவதையும் படித்தாக வேண்டும். சில ஆயிரம் பதிவுகளுக்கு அது உறைக்காது. க்வெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் க்வெரி ப்ளான் என்று போட்டுப் பாருங்கள்: ஸ்கேன் என்று வந்தால் முழுவதும் படிக்கிறது, சர்ச் என்று வந்தால் இன்டெக்ஸைப் பயன்படுத்துகிறது.

பதிவுகள் லட்சக்கணக்கில் போனால் எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடலுக்கு மாறலாம். ஆனால் அதன் இயல்பான டோக்கனைசர் (உரையைத் தேடத்தக்க துண்டுகளாகப் பிரிக்கும் பகுதி) தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளாமல் அந்த இடத்திலேயே சொல்லை உடைத்துவிடும். 2020 டிசம்பரில் வந்த 3.34 பதிப்பிலிருந்து ட்ரைகிராம் என்ற டோக்கனைசரும் இருக்கிறது. அது உரையை மூன்று மூன்று குறியீடுகளாக நறுக்குவதால் தமிழுக்குப் பொருந்தும். தேடும் சொல்லிலும் குறைந்தது மூன்று குறியீடு வேண்டும் என்பதுதான் அதன் எல்லை. 'கடல்' நான்கு குறியீடு (க, ட, ல, புள்ளி), சிக்கலில்லை. 'பூ' இரண்டே குறியீடு (ப, ூ). அப்படிப்பட்ட சொல் வந்தால் மட்டும் படி 3-இல் கட்டிய லைக் க்வெரிக்கே அனுப்பிவிடுங்கள்.