கோட் எழுதிப் பழகியவர் வெப் சர்வீஸ் கட்டக் கற்றுக்கொள்வது எப்படி

சி பிளஸ் பிளஸ்ஸிலோ டெல்ஃபியிலோ ஜாவா டெஸ்க்டாப்பிலோ பல வருடம் ஓட்டிவிட்டு, இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று ஊரோடு வந்து உட்கார்ந்து வெப் சர்வீஸ் (நெட்வொர்க் வழியாக மற்ற புரோகிராம்கள் கூப்பிடும் புரோகிராம்) பக்கம் திரும்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஃப்ரேம்வொர்க் படிக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லூப், கிளாஸ், டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் உங்களுக்குக் கைவந்தவை, வீடியோ கோர்ஸில் பாதி நேரம் அதையேதான் மறுபடி சொல்லித் தருவார்கள். உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது ஒன்றே ஒன்று: நீங்கள் கூப்பிடும் ஃபங்ஷன் இன்னொரு மெஷினில் இருக்கிறது, கூப்பிட்டது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதே சில நேரம் தெரியாது. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்பதற்காகக் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டதாக நாம் யாரும் நம்புவதில்லை அல்லவா, நெட்வொர்க்கையும் அந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பழகுவதற்கு, வழக்கமாகச் சொல்லித் தரும் டு-டூ லிஸ்ட் ஆப் வேண்டாம். அதற்கு யாரும் சண்டை போட மாட்டார்கள், அதனால் அதில் கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. அறுவடை மெஷின் புக்கிங் எடுத்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால் சம்பா அறுவடை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும், ஈரம் காயாத வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, வாடகை மணிக்கணக்கு, புக் பண்ணுகிறவர் வரப்பில் நின்று ஒரு கோடு சிக்னலில் பட்டனை அழுத்துகிறார். ஒரு வெப் சர்வீஸுக்கு வரக்கூடிய தலைவலி முக்கால்வாசி இதிலேயே வந்துவிடும்.

முதல் வேலை, எச்டிடிபியை, அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையை, கண்ணால் பார்ப்பது. கர்ல் (டெர்மினலிலிருந்து வெப் முகவரியைக் கூப்பிடும் கருவி) கமாண்டில் வெர்போஸ் போட்டு, http:// என்று தொடங்கும் ஏதாவது ஒரு தளத்தைக் கூப்பிடுங்கள். மேலே ஒரு வரியில் கெட் அல்லது போஸ்ட், பாதை, வெர்ஷன், கீழே ஹெடர்கள், ஒரு காலி வரி, அதற்குப் பிறகு உடல். பதிலும் அதே அமைப்புதான், முதல் வரியில் மட்டும் 200 (சரி), 404 (கிடைக்கவில்லை) மாதிரி ஒரு எண் இருக்கும். அப்புறம் நெட்கேட்டை (டைப் செய்ததை அப்படியே நெட்வொர்க்கில் அனுப்பும் கருவி) திறந்து அதே வரிகளைக் கையால் டைப் செய்து அனுப்பிப் பாருங்கள், உள்ளே மந்திரம் எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும். இதன் இன்றைய விதிமுறை 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற ஆவணம். முழுக்கப் படிக்க வேண்டியதில்லை, மெத்தட்கள் (கெட், போஸ்ட் போன்றவை), ஸ்டேட்டஸ் கோடுகள் (200, 404 போன்றவை) என்ற இரண்டு பகுதிகள் போதும். வெப் சர்வீஸ் அமைக்கும் ஒரு பாணிக்கான ரெஸ்ட் என்ற பெயர் ராய் ஃபீல்டிங் 2000-இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்தது. இன்று அந்தப் பெயரில் நடப்பது பெரும்பாலும் எச்டிடிபி மேல் ஜேசன் (டேட்டாவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) அனுப்புவதுதான், எது சுத்தமான ரெஸ்ட் என்ற விவாதத்தில் உட்காராதீர்கள்.

அடுத்து, தெரிந்த மொழியிலேயே சின்னதாக ஒரு சர்வர். கோ மொழி என்றால் 1.22-க்குப் பிறகு அதன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியே மெத்தடையும் பாதையையும் பிரித்துக் கொடுக்கிறது, பைத்தான் என்றால் ஃபிளாஸ்க் என்ற சின்ன ஃப்ரேம்வொர்க். வண்டிகளின் பட்டியல், புக்கிங், ரத்து என்று மூன்று எண்ட்பாயிண்ட் (கூப்பிடக்கூடிய முகவரி) போதும். தப்பு நடந்தாலும் 200 அனுப்பி, உள்ளே "எரர்" என்று எழுதுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், எண்ணைப் பார்த்தே கூப்பிட்டவருக்குப் புரிய வேண்டும்.

இப்போதுதான் நிஜமான பாடம். வரப்பில் நிற்பவர் "புக்" அழுத்துகிறார். கோரிக்கை சர்வருக்கு வந்துவிட்டது, டேட்டாபேஸில் ஏறிவிட்டது, பதில் திரும்பும்போது சிக்னல் போய்விட்டது. அவர் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மறுபடி அழுத்துகிறார். இப்போது அவர் பெயரில் இரண்டு புக்கிங். டெஸ்க்டாப் புரோகிராமில் இந்த நிலைமையே வராது, ஃபங்ஷன் ஒன்று திரும்பி வரும் அல்லது எக்ஸெப்ஷன் எறியும். இங்கே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: நடந்ததா இல்லையா தெரியாது.

இதற்கு மருந்து, புக்கிங் திரை திறக்கும்போதே ஆப் ஒரு யுயுஐடியை (வேறு எதோடும் மோதாத அடையாள எண்) உருவாக்கி வைத்துக்கொண்டு, எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்ணோடு அனுப்புவது. சர்வர் அந்த எண்ணை டேபிளில் யுனிக் பத்தியில் (ஒரே மதிப்பை இரண்டு முறை ஏற்காத பத்தி) வைக்கிறது, ஏற்கெனவே இருந்தால் புதிதாக எதுவும் செய்யாமல் முதல் முறை கொடுத்த பதிலையே திருப்பிக் கொடுக்கிறது. எண்ணைச் சேமிப்பதும் புக்கிங்கைச் சேமிப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இருக்க வேண்டும், நடுவில் சர்வர் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே இல்லாமல் போகட்டும். அதே எண்ணோடு வேறு வயல், வேறு நேரம் வந்தால் அது கிளையண்ட் கோளாறு, ஏற்காமல் 422 (கோரிக்கை புரிகிறது, செய்ய முடியாது) அனுப்புங்கள்.

சரி, ஒரே ஆள் இரண்டு முறை அழுத்துவது தீர்ந்தது. இரண்டு ஆட்கள் ஒரே வண்டியை ஒரே நேரத்துக்குக் கேட்டால்? "காலியாக இருக்கிறதா என்று பார், இருந்தால் எழுது" என்றுதான் யாருக்கும் கை போகும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொருவர் புகுந்துவிடுவார். மியூட்டெக்ஸ் போட்டால் ஒரு புராசஸ் இருக்கும்வரை சரி, சர்வர் இரண்டாக ஓட ஆரம்பித்தால் அந்தப் பூட்டுக்கு மதிப்பே இல்லை. டேட்டாபேஸிடம் விடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயிண்ட் என்று ஒன்று உண்டு: ஒரே வண்டிக்கு நேர வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று டேபிளிலேயே சொல்லிவிடலாம். வரம்பின் முடிவு நேரம் கணக்கில் சேராது என்பது அதன் வழக்கம், அதனால் 8 முதல் 10, 10 முதல் 12 இரண்டும் மோதாது. மோதினால் வரும் எரரைப் பிடித்து 409 (மோதல்) அனுப்புங்கள். ஒரு சின்ன ஸ்கிரிப்டில் ஒரே நேரத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி யுயுஐடியோடு, 50 கோரிக்கைகளைச் சேர்ந்தாற்போல் விட்டுப் பாருங்கள். ஒன்று 201 (உருவாகிவிட்டது), மீதி 49-ம் 409. வேறு எது வந்தாலும் அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள்.

புக்கிங் ஆனதும் எஸ்எம்எஸ் அனுப்ப வெளி சர்வீஸைக் கூப்பிடுவீர்கள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்துக் கூப்பிடாதீர்கள், அந்த வெளி சர்வீஸ் தூங்கினால் உங்கள் டேட்டாபேஸும் பூட்டோடு தூங்கும். டைம்அவுட்டை நீங்களே போட வேண்டும்: கோவின் எச்டிடிபி கிளையண்டுக்கும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கும் தானாக டைம்அவுட் கிடையாது, சொல்லாவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும்.

டேட்டா விஷயத்தில் நம் ஊருக்கென்று சில இடறல்கள் உண்டு. நிலத்தை மா, வேலி என்றுதான் சொல்வார்கள். ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு என்று 0.33-ஐ ஃப்ளோட்டில் போட்டால், மூன்று மா சேர்த்தாலும் ஏக்கர் ஆகாது. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஆகவே குழியை முழு எண்ணாக வையுங்கள், பணத்தைப் பைசாவில் வையுங்கள். நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) சேமித்துக் காட்டும்போது மாற்றுங்கள். நமக்கு +5:30 என்பதால் ஜனவரி 15 விடியற்காலை 5 மணிக்கு வந்த புக்கிங் யுடிசியில் 14-ஆம் தேதி 23:30, தினசரிக் கணக்கை யுடிசி தேதியில் எடுத்தால் முந்தைய நாளில் விழும்.

அப்புறம் எழுத்து. "தஞ்சாவூர்" நம் கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 9 குறிகள், யுடிஎஃப்-8-இல் 27 பைட். பழைய சி பழக்கத்தில் ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கினால் பெயர் நடுவில் வெட்டுப்படும். "கொரடாச்சேரி"யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. உள்ளே வரும்போதே என்எஃப்சி நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வேறு வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்துவிடுங்கள்.

பாதுகாப்பில் முக்கியமாக ஒன்று: முகவரியில் இருக்கும் புக்கிங் எண் 41-ஐ 42 ஆக்கினால் அடுத்தவர் புக்கிங்கும் போன் நம்பரும் தெரிகிறதா என்று நீங்களே முயன்று பாருங்கள். லாகின் செய்தவரா என்று பார்ப்பது வேறு, இது அவருடையதா என்று பார்ப்பது வேறு. பாஸ்வேர்டுக்குச் சொந்தமாக எதுவும் எழுத வேண்டாம், பாஸ்வேர்டை மறைத்துச் சேமிக்க ஆர்கான்2 லைப்ரரி இருக்கிறது.

இதை இன்டர்நெட்டில் ஏற்றுவதற்கு ஒரு சின்ன விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் சர்வர்), புரோகிராமை ஓட்டிவைக்கும் சிஸ்டம்டி, முன்னால் கேடி (Caddy) என்ற வெப் சர்வர் போதும். எச்டிடிபிஎஸ் (பூட்டிய எச்டிடிபி) சான்றிதழை கேடியே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். பல சர்வர்களை நிர்வகிக்கும் கியூபர்னெட்டிஸ் பக்கம் இப்போது போகவே வேண்டாம். பேக்கப் எடுப்பதோடு நிற்காமல் அதை வேறு மெஷினில் ஏற்றியும் பாருங்கள்.

இவ்வளவும் ஓடினால் வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். "ராத்திரி மழை பெய்தால் எல்லா புக்கிங்கையும் ஒரு நாள் தள்ளணுமே?" என்று கேட்பார். ஒரே அப்டேட்டில் எல்லாவற்றையும் தள்ளப் போனால், 15-ஆம் தேதி புக்கிங் 16-க்கு நகரும் அந்த நொடியிலேயே, இன்னும் நகராத 16-ஆம் தேதி புக்கிங்கோடு மோதி எரர் வரும். போஸ்ட்கிரெஸ் வழக்கமாக இந்தக் கட்டுப்பாட்டை வரிசை வரிசையாகத்தான் சரிபார்க்கும். கன்ஸ்ட்ரெயிண்டை உருவாக்கும்போதே டிஃபரபிள் என்று போட்டுவிட்டால், ஸ்டேட்மெண்ட் முடிந்த பிறகு ஒருமுறை பார்க்கும், எல்லாம் சேர்ந்து நகர்ந்துவிடும்.