வெளிநாட்டில் வேலை, தோட்டத்தில் வாக்கு: பெயர் விடுபட்டுப்போகாமல் இருக்க

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி, இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நாளில், என் அக்கா எங்கள் மலையகத் தோட்டத்தில்தான் இருந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். விடிந்ததும் குளித்து, சேலை கட்டி, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வாக்களிப்பு நிலையத்துக்குப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். வாக்காளர் இடாப்பில், அதாவது வாக்காளர் பட்டியலில், அவர் பெயர் இல்லை. தவறு அவருடையதல்ல, எங்களுடையது. வாக்காளர் கணக்கெடுப்புக்கு வந்தவர் கேட்டபோது, "அக்கா இங்கே இல்லைங்க, வெளிநாட்டில" என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டோம்.

நம் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அதிகம் நடக்கும் தவறு இதுதான். வேலைக்காகத் தற்காலிகமாகப் போனவர் வீட்டையே விட்டுப் போனவர் ஆகமாட்டார். "வேலைக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவார், நிரந்தர முகவரி இதுதான்" என்று கிராம சேவகரிடம் வீட்டார் தெளிவாகச் சொல்ல வேண்டும். "இல்லை" என்ற ஒரு சொல்லில் பெயர் போய்விடும். யாரும் நேரில் வந்து கேட்கவில்லை என்றால் நாமே போய்க் கேட்க வேண்டும். ஒரே முகவரியில் பல குடும்பங்கள் இருக்கும் லயத்தில் ஒரு காம்பரா (ஒரு குடும்பத்தின் அறை) விடுபடுவது பெரிய அதிசயமில்லை.

வெளிநாட்டிலேயே வாக்களிக்கலாம் என்று நம்பி இருப்பது அடுத்த தவறு. 2025 உள்ளூராட்சித் தேர்தல் வரை அப்படி ஒரு ஏற்பாடு நமக்கு இருக்கவில்லை. தபால் மூல வாக்கு அரச ஊழியர், பொலிஸ், படையினர் போன்றோருக்குத்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்ததாலோ, தூதரகத்தில் பெயர் கொடுத்ததாலோ யாரும் வாக்காளர் ஆவதில்லை. ஊரில் பெயர் இருக்க வேண்டும், அன்றைக்கு ஆளும் ஊரில் இருக்க வேண்டும்.

பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் 'வி' எழுத்து இருப்பதால் வாக்கு இருக்கிறது என்று சொல்பவர்களையும் பார்க்கிறேன். அட்டை வேறு, இடாப்பு வேறு. வாக்களிக்க இடாப்பில் பெயரும் வேண்டும், கையில் அடையாள ஆவணமும் வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பெயர் இல்லாமல் போவது மலையகத்துக்குச் சின்ன விஷயமில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் பட்டியலிலிருந்தே அகற்றின. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் வரை நாடற்றவர் பிரச்சினை இழுபட்டது. அப்படிப் பெயர் இழந்த தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கவனக்குறைவால் ஒரு பெயரும் விடுபடக் கூடாது.

சரி, பெயர் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது? தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை. அதற்குள் அந்தத் தேர்தலுக்கான இடாப்பு உறுதிப்படுத்தப்பட்டிருக்கும். இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அப்போது நீக்கப்படவிருக்கும் பெயர்கள் 'ஏ' பட்டியலிலும், சேர்க்கப்படவிருக்கும் பெயர்கள் 'பீ' பட்டியலிலும் காட்சிக்கு வைக்கப்படும். கிராம சேவகர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பார்க்கலாம். பலர் 'பீ' பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடு முதலில் பார்க்க வேண்டியது 'ஏ' பட்டியலைத்தான். அதில் பெயர் இருந்தால், கொடுத்திருக்கும் கால அவகாசத்துக்குள் எழுத்தில் உரிமை கோர வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது.

தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் தேடலாம். குவைத்தில் இருப்பவரே இரவு வேலை முடிந்து போனில் பார்த்துவிடலாம்.

கொழும்பில் கடையிலோ ஹோட்டலிலோ வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. தங்குமிடத்திலும் தோட்டத்திலும் இரண்டு பதிவு வைக்காதீர்கள், அதற்குச் சட்டத்தில் இடமில்லை. எது நிரந்தர முகவரி என்று வீட்டில் பேசி ஒன்றை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், வாக்காளர் அட்டை கைக்கு வராததால் வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள். லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்திலேயே தங்கிவிடுவது நமக்குத் தெரிந்ததுதான். இடாப்பில் பெயரும் கையில் தேசிய அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இருந்தால் அந்த வாக்காளர் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம். லீவில் வருபவரிடம் கடவுச்சீட்டு எப்படியும் இருக்கும். அன்றைக்கு அதை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.