டம்மி டக் செய்த வயிற்றில் லேப்ராஸ்கோபி: டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்

பிரசவங்களுக்குப் பிறகோ, எடையைப் பெருமளவு குறைத்த பிறகோ தொங்கும் வயிற்றை டம்மி டக் செய்து சரிசெய்துகொண்டவர்கள் சென்னையில் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சில வருடங்கள் கழித்துப் பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி, சினைப்பைக் கட்டி, கர்ப்பப்பைப் பிரச்சினை என்று ஏதாவது வரத்தான் செய்யும். எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடும் என்பதால், எடை குறைத்துவிட்டு டம்மி டக் செய்தவர்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் வருவது அபூர்வமான விஷயமே இல்லை.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியை இவர்களுக்குச் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். பெரும்பாலும் சிக்கல் வருவது டம்மி டக்கினால் அல்ல, அது நடந்திருப்பது சர்ஜனுக்குத் தெரியாததால். தெரிந்தால் அவர் துளையை எங்கே போடுவது, எப்படி நுழைவது, எவ்வளவு வாயு ஏற்றுவது என்று திட்டத்தை மாற்றிக்கொள்வார்.

வயிற்றுக்குள் என்ன மாறியிருக்கிறது

முழு டம்மி டக்கில் ஒரு இடுப்பெலும்பு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அடிவயிற்றில் கீறி, தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்து மேலே தூக்குவார்கள். பிரசவத்தில் விலகிய இரண்டு நேர்தசைகளையும் மார்பெலும்பின் நுனியிலிருந்து அடிவயிறு வரை நடுவில் இழுத்துத் தைப்பார்கள். தையல் நூல் நைலான், ப்ரோலின் போன்ற கரையாத நூலாகவோ மெதுவாகக் கரையும் நூலாகவோ இருக்கும். மிச்சத் தோலை வெட்டிவிட்டு, மேல்வயிற்றுத் தோலைக் கீழே இழுத்துப் பொருத்துவார்கள். தொப்புள் தன் காம்போடு பழைய இடத்திலேயே நிற்கும். இழுத்து வந்த தோலில் புதுத் துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்பார்கள்.

இதனால் லேப்ராஸ்கோபிக்கு மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது தொப்புளின் ரத்த ஓட்டம். சுற்றியிருந்த தோலிலிருந்து வந்த ரத்தம் அறுபட்டு, காம்பு வழியாக வருவதை நம்பியே தொப்புள் பிழைத்திருக்கிறது. நாளாக நாளாகத் தழும்பு வழியாகவும் கொஞ்சம் ரத்தம் வரும். ஆனால் முதல் சில மாதங்களில் தொப்புளைச் சுற்றி வளைத்துக் கீறினால் அது கறுத்து அழுகிவிடலாம்.

இரண்டாவது, வயிற்றுச் சுவரின் இறுக்கம். லேப்ராஸ்கோபியில் கரியமில வாயுவை ஏற்றி வயிற்றை உப்பவைத்துத்தான் உள்ளே இடம் உண்டாக்குவார்கள். வழக்கமான அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். தைத்து இறுக்கிய வயிறு அவ்வளவு விரியாது. குறைந்த வாயுவிலேயே அந்த அழுத்தம் வந்துவிடும், வேலை செய்ய இடம் குறையும், நுரையீரல் மேலும் அழுத்தம் ஏறும். அதனால் வாயுவை மெதுவாக ஏற்றுவார்கள், தசையை நன்றாகத் தளர்த்தும் மருந்து கொடுப்பார்கள், முடிந்தால் 10 அல்லது 12-லேயே வேலையை முடிப்பார்கள். இதில் மயக்க மருந்து டாக்டரின் பங்குதான் பெரிது. அவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நடுத் தையல். டிரோக்கார் எனப்படும் குழாய் நடுக்கோடு வழியாகப் போனால் அந்த நூல் அறுபடலாம். அறுபட்டதைக் கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் பிற்பாடு வயிறு புடைக்கும். இறுகிய சுவரில் டிரோக்காரைக் குத்த அதிக பலம் வேண்டியிருக்கும் என்பதும் உண்டு. பலமாகத் தள்ளும்போது சட்டென்று வழிவிட்டால் குடலிலோ ரத்தக்குழாயிலோ படும் ஆபத்து இருக்கிறது. கண்மூடிக் குத்தும் முறையை இங்கே தவிர்ப்பது அதனால்தான்.

மறைந்துபோன தழும்புகள்

இது பலருக்கும் தோன்றாத விஷயம். சிசேரியன் தழும்பும் சில சமயம் குடல்வால் ஆபரேஷன் தழும்பும் வெட்டியெடுத்த தோலோடு போயிருக்கும். மேல்வயிற்றில் இருந்த பழைய துளைத் தழும்புகள் கீழே இறங்கி வேறு இடத்தில் நிற்கும். வயிற்றைப் பார்த்துக் கணக்குப் போடும் சர்ஜனுக்கு இது தப்பான வரைபடம். இரண்டு சிசேரியன் ஆனவருக்குக் கர்ப்பப்பையோடு சிறுநீர்ப்பை ஒட்டியிருக்கலாம். வெளியே அதற்கு அடையாளமே இருக்காது.

நேர்மாறாகவும் நடக்கும். நடுராத்திரி வயிற்று வலியோடு கேஷுவாலிட்டிக்குப் போனால், அடிவயிற்றுத் தழும்பைப் பார்த்து டியூட்டி டாக்டர் ‘சிசேரியன்’ என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடலாம். இடுப்போரம் வரை நீண்ட தழும்பும், தொப்புளைச் சுற்றி வட்டத் தழும்பும் சேர்ந்திருந்தால் அது டம்மி டக். நீங்களே வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

வீட்டில் யாருக்கும் சொல்லாமல் டம்மி டக் செய்துகொண்டவர்கள் உண்டு. மாமியாரோ நாத்தனாரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் “முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் வாய் சொல்லும். “டாக்டர், உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்” என்று கேளுங்கள். பரிசோதனை அறையில் நர்ஸ் மட்டும் இருக்கும்போது சொன்னாலும் போதும்.

எடுத்துப் போக வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அதில் ‘அப்டாமினோபிளாஸ்டி செய்யப்பட்டது’ என்று, டம்மி டக்கின் மருத்துவப் பெயரோடு ஒரு வரிதான் பல நேரம் இருக்கும். டம்மி டக் செய்த மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது: தசையைத் தைத்தார்களா, எந்த நூலில், எங்கிருந்து எங்கே, தொப்புள் பழைய இடத்திலேயே இருக்கிறதா, காம்பை அறுத்துக் கீழே இறக்கினார்களா, புதிதாக உருவாக்கினார்களா, தொப்புள் ஹெர்னியா இருந்து மெஷ் எனப்படும் வலை வைத்தார்களா, எந்த அடுக்கில். மினி டம்மி டக் செய்தவர்களுக்குக் காம்பை அறுத்துத் தொப்புளை ஓரிரு சென்டிமீட்டர் கீழே இறக்கும் முறையும் உண்டு. அப்படியானால் தொப்புளை அளவுகோலாக வைத்துத் துளை போடும் வழக்கமான கணக்கு தவறும்.

நோட்ஸ் கிடைக்கவில்லையா? பிளாஸ்டிக் சர்ஜனைப் போனில் பிடித்து லேப்ராஸ்கோபி சர்ஜனிடம் பேசச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால் தசைத் தையலும் மெஷ்ஷும் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு சர்ஜன் திட்டமிடுவார். எல்லாக் காகிதத்தையும் போட்டோ எடுத்துப் போனில் வைத்திருப்பது நல்லது. மழை வெள்ளத்தில் ஃபைல் போன வீடுகள் இந்த ஊரில் நிறைய.

எவ்வளவு நாள் பொறுக்கலாம்

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் டம்மி டக் முடிந்து குறைந்தது 3 மாதம், முடிந்தால் 6 மாதம் விடுவது நல்லது. அதற்குள் வீக்கம் வடிந்து, தையல் பிடித்து, தோலுக்கடியில் நீர் கோத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும். நீர்ப்பை இருக்கிற இடம் வழியாகத் துளை போட்டால் கிருமி சேரும். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அழுகிய குடல்வால், சீழ் பிடித்த பித்தப்பை, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், முறுக்கிய சினைப்பை இவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. டம்மி டக் ஆகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தாலும் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். தொப்புள் அழகு கெட்டுவிடுமே என்று தள்ளிப்போடுவது முட்டாள்தனம்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை

“முதல் துளை எங்கே?” இதுதான் முதல் கேள்வி. டம்மி டக் செய்த வயிற்றில் பலரும் விரும்புவது பால்மர் புள்ளி. இடது விலா எலும்பின் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழாக இருக்கும் இடம். பழைய ஆபரேஷனால் குடல் வயிற்றுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டல்கள் அங்கே பெரும்பாலும் இருக்காது. ஆனால் மண்ணீரலோ கல்லீரலோ வீங்கியிருந்தால், இரைப்பையில் முன்பே ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த இடம் ஆகாது. உடல் பருமனுக்கு இரைப்பை ஆபரேஷன் செய்துவிட்டுப் பிறகு டம்மி டக் செய்தவர்கள் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். அங்கே நுழைவதற்கு முன் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு இரைப்பையைக் காலி செய்வார்கள்.

தொப்புள் வழியாகவே போகத்தான் வேண்டும் என்றால், ஹாசன் முறையில் கண்ணால் பார்த்துத் திறந்து போவது நல்லது. கீறல் தொப்புளின் குழிக்குள் நேர்கோடாகவோ, பழைய வட்டத் தழும்பின் ஒரு பகுதியிலோ இருக்கலாம். முழு வட்டமாகக் கூடாது. தொப்புளில் ஒரே பெரிய துளை போட்டு எல்லாக் கருவிகளையும் அதிலேயே விடும் ‘தழும்பில்லா’ முறையை யாராவது விளம்பரப்படுத்தினால், டம்மி டக் செய்தவர்களுக்கு அது வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

பித்தப்பைக்கு வழக்கமாக நான்கு துளைகள். மார்பெலும்புக்குக் கீழே போடும் 10 மில்லிமீட்டர் துளையை நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் போட்டால் தையல் தப்பும். கர்ப்பப்பை, சினைப்பை ஆபரேஷனில் கீழ்த் துளைகளை டம்மி டக் தழும்பு மேலேயே வைக்க முடிந்தால் புதுத் தழும்பு தெரியாது. ஆனால் நேர்தசைகளை நடுவுக்கு இழுத்ததில் அவற்றின் பின்னால் ஓடும் ரத்தக்குழாயும் இடம் மாறியிருக்கும். உள்ளேயிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே குத்த வேண்டும்.

அடுத்த கேள்வி: “தையல் அறுந்தால் சரிசெய்வீர்களா? 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளில் உள்தசை உறையைத் தைப்பீர்களா?” இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற பதில் வர வேண்டும்.

கடைசியாக, வயிற்றைத் திறக்க நேர்ந்தால் எங்கே திறப்பார்கள்? அடிவயிற்று வேலைக்குப் பழைய தழும்பையே திறக்கலாம், தொந்தரவில்லை. பித்தப்பைக்காக வலது விலா எலும்புக்குக் கீழே சாய்வாகக் கீறுவதுதான் சிக்கல். டம்மி டக் செய்த வயிற்றுத் தோலுக்கு ரத்தம் வருவது முக்கியமாகப் பக்கவாட்டிலிருந்து. அந்தக் கீறல் அந்த வழியை அறுக்கும், கீழே உள்ள தோல் வாடலாம். உயிர் காக்க வேண்டியிருந்தால் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் முன்பே யோசித்திருப்பது வேறு.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்கள்

திட உணவு 6 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. எடை குறைக்க செமாக்ளூடைட் போன்ற ஊசி போடுபவர்கள் கட்டாயம் சொல்லுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் பட்டினி இருந்தும் உள்ளே உணவு இருக்கும், மயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து எதுவானாலும் பட்டியலில் சேருங்கள்.

இன்ஷூரன்ஸ் முன் அனுமதிப் படிவத்தில் பழைய ஆபரேஷன் என்ற இடத்தில் உண்மையை எழுதுங்கள். டம்மி டக்கை அழகு சிகிச்சை என்று பாலிசிகள் ஏற்காது. பித்தப்பைக் கல் ஆபரேஷன் அதிலிருந்து வேறு. பல தனிநபர் பாலிசிகளில் கல்லுக்கும் ஹெர்னியாவுக்கும் 2 வருடக் காத்திருப்பு இருக்கும். பழைய ஆபரேஷனை மறைத்தது பின்னால் தெரிந்தால் வினை அதில்தான் வரும். இந்த நோய்க்கும் டம்மி டக்குக்கும் தொடர்பில்லை என்று சர்ஜனை ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தோள்பட்டை வலிக்கும். உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். வயிறு உப்பி, பழைய தையல் பிய்ந்துவிட்டதோ என்ற பயமும் வரும். பெரும்பாலும் அது வாயுவும் வீக்கமும்தான். தோலைத் தொட்டால் நறநறவென்றிருந்தால் தோலுக்கடியில் வாயு கசிந்திருக்கிறது என்று அர்த்தம். தானே அடங்கும். ஆனால் கழுத்து, முகம் வரை ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே காட்டுங்கள்.

சுடுதண்ணீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம். டம்மி டக்குக்குப் பிறகு தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துப் போயிருக்கும், சிலருக்கு நிரந்தரமாகவே. பை சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஐஸ் வைத்தாலும் இதே கதைதான்.

பழைய டம்மி டக் பெல்ட்டை அலமாரியிலிருந்து எடுத்து நீங்களாக இறுக்கிக் கட்டாதீர்கள். வாயு நிறைந்த வயிற்றை இறுக்கினால் மூச்சு முட்டும், காலிலிருந்து ரத்தம் மேலேறுவதும் தடைபடும். டாக்டர் சொன்னால் தளர்வாகக் கட்டலாம், உள்ளே பருத்தித் துணியோடு. சித்திரை வெயிலில் பெல்ட்டுக்கு உள்ளே வியர்வை ஊறி மடிப்புகளில் படர்தாமரை வருவது இங்கே சகஜம். துளைகளில் மஞ்சள், வேப்பிலை பூச வேண்டாம்.

அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும். டம்மி டக் ஆகிச் சில வாரங்களே ஆனவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி தேவையா என்று கேளுங்கள். சாப்பாடு முதலில் இட்லி, ரசம் சாதம், கஞ்சி போதும். மலச்சிக்கலில் முக்குவது தையலுக்குக் கேடு. மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

நடுத் தையலைத் தொடாத ஆபரேஷன் என்றால் இரண்டு வாரத்தில் வீட்டு வேலைக்குத் திரும்பலாம். தையலைச் சரிசெய்திருந்தால் 6 வாரம் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. 20 லிட்டர் தண்ணீர் கேன், சிலிண்டர், கிரைண்டர் கல் மூன்றும் வேறு யாராவது தூக்கட்டும். மாடியில் குடியிருப்பவர்கள் கேன் போடும் பையனிடம் உள்ளே கொண்டுவந்து கவிழ்த்துத் தரச் சொல்லிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், நிற்காத வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, கண் மஞ்சளாவது, தொப்புள் நீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, ஒரு காலில் மட்டும் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறினால் 108.

இன்னொன்று தாமதமாக வரும். ஆறிய துளை மூன்று நான்கு வாரம், சில சமயம் இரண்டு மாதம் கழித்துச் சிவந்து, முடிச்சாகி, நீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்கில் அடங்காது. கருவிகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததால் வரும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு மைக்கோபாக்டீரியா இதற்குக் காரணமாக இருக்கலாம். டம்மி டக்கில் பிரித்து ஒட்டிய அடுக்கு வழியாக அது பரவினால் குணமாக்குவது கடினம். மருந்துக் கடையில் மாத்திரை மாற்றி மாற்றி வாங்காமல் சர்ஜனிடம் போய், கசிவை மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண கல்ச்சரில் அது தெரியாமல் போகலாம். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும், மருந்தும் பல மாதங்கள் சாப்பிட வேண்டியிருக்கும்.