பழைய தராசும் புது லேப்டாப்பும்

எங்கள் மளிகைக்கடைத் தராசு காட்டும் எடை நேராக லேப்டாப்பின் பில்லுக்கு வர வேண்டும். தராசில் இருப்பது ஒன்பது பின் சீரியல் போர்ட், பழைய கம்ப்யூட்டர்களில் இருந்த இணைப்பு. புது லேப்டாப்பில் அது ஏது? யூஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கினேன். (இந்த போர்ட்டின் மின் தரமான ஆர்எஸ்-232 என்று கேட்டு வாங்குங்கள், சின்ன சர்க்யூட்டுகளுக்கான 5 வோல்ட் டிடிஎல் போர்டு இதற்கு ஆகாது, கெட்டுப்போகும்.)

விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கேபிளின் போர்ட் எண் காம் 7 என்று காட்டியது. பில் போடும் மென்பொருளுக்கோ காம் 4-க்கு மேல் தெரியாது. போர்ட் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய் காம் 3 ஆக்கினேன்.

அப்போதும் எடை வரவில்லை. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையை 5-ஆம் பின்னில், அதாவது கிரவுண்டில் வைத்துப் பார்த்தால், தராசு, கேபிள் இரண்டிலுமே 3-ஆம் பின்னில்தான் மைனஸ் வோல்டேஜ். சும்மா இருக்கும்போது மைனஸ் காட்டுவதுதான் தகவல் அனுப்பும் பின். இரண்டும் ஒரே கம்பியில் பேசினால் கேட்பது யார்? 2-ஐயும் 3-ஐயும் மாற்றித் தரும் ‘நல் மோடம்’ (null modem) அடாப்டரை நடுவில் மாட்டினேன்.

இப்போது கிறுக்கல் எழுத்துகள் வந்தன. இரு பக்கமும் தகவல் வேகம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். மென்பொருளில் 9600 என்றிருந்த அந்த வேகத்தை, அதாவது பாட் ரேட்டை, 2400 ஆக்கினேன். அரிசி மூட்டையை வைத்ததும் திரையில் 25.050!